தலைதட்டிய பத்து

ஷெம்காங் மலையில் நாலு மணி நேர ஏற்றம்.
காலுறைக்குள் மூன்று அட்டைகள்.
பையில் கனத்த படிவம், இரண்டு பென்சில்,
கழுத்தில் அரசாங்கம் தந்த அட்டை:
மகிழ்ச்சிக் கணக்கெடுப்பாளர்.
வழியில் ஒரு பள்ளிச் சிறுவன் அதை
எழுத்துக்கூட்டி வாசித்துச் சிரித்தான்.

நிடுப் பெல்மோ, வயது ஐம்பத்து நான்கு,
சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.
வரியா?
இல்லை.
மாட்டுக்கு ஊசியா?
இல்லை.
அப்படியென்றால் உட்காருங்கள்.

நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
எந்த நேற்று?
பன்றி வந்த நேற்றா, வராத நேற்றா?
வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டிவிட்டுக்
கட்டையாய்ச் சாய்வேன்.
வராத இரவில்தான் காது தூங்காது.
படிவம் ஒற்றை எண் கேட்டது.
நான்கு என்று எழுதினேன்.

போன வாரம் எத்தனை முறை கோபப்பட்டீர்கள்?
பன்றிமேலா, மனிதர்மேலா?
மனிதர்மேல்.
ஒரு முறை. என் கணவர்மேல்.
அவர் இப்போது எங்கே?
செத்து ஆறு வருஷம்.
கட்டத்தில் ஒன்று என்று போட்டேன்.

அண்டை வீட்டாரை நம்புகிறீர்களா?
பசுவைக் கொடுப்பேன், ரகசியத்தைக் கொடுக்கமாட்டேன்.
நல்லவேளை, அதற்கு நடுவே ஒரு கட்டம் இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி.
எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்,
பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
அவர் பேச்சில் அதைச் சொல்ல மூன்று தரம் முயன்றேன்.
முதல் தரம், வயிறு நிறைந்ததா என்று ஒலித்தது.
அடுத்த தரம், கடன் தீர்ந்ததா என்று.
மூன்றாம் தரம் எனக்கே புரியவில்லை.

அவர் உள்ளே போய் மரப்படியை எடுத்துவந்தார்.
அள்ளினார், வழிய வழிய, கூம்பாக.
அப்புறம் புறங்கையால் ஒரு வீச்சு.
மணிகள் பாயெங்கும் ஓடின.
இது கடைக்காரனுக்கு.
முன்னே பார்த்தீர்களே, அது பக்கத்து வீட்டுக்கு.
இரண்டுக்கும் பெயர் ஒரு படிதான்.
உங்கள் பத்து எது,
கூம்பியதா, தலைதட்டியதா?

பயிற்சியில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.
அழுதால் காத்திரு.
குடித்திருந்தால் நாளை வா.
நாய் கடித்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு.
இதைச் சொல்லவில்லை.

அப்போது வேலிக் கம்பம் ஒலித்தது.
அங்கேதான் சிக்னல் வரும் என்று
ஒரு துணிப்பையில் கைபேசியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.
பெர்த்திலிருந்து மகன் லோடே.
முதியோர் இல்லத்தில் வேலை,
யார் யாருடைய தாய்மாரையோ குளிப்பாட்டுகிறான்.

நான் கேட்கக் கூடாது. கேட்டேன்.
சாப்பிட்டாயா.
பன்றியா? இந்த வருஷம் அந்தப் பக்கமே காணோம்.
தூக்கத்துக்கு என்ன, விடிந்தும் எழ மனமில்லை.
இங்கே ஒரு அதிகாரி வந்திருக்கிறார்,
சந்தோஷத்தை எண்ண.
பத்து என்று சொல்லிவிட்டேன்.

திரும்பிவந்து பாயில் உட்கார்ந்தார்.
சிதறிய மணிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.
ஆறு என்று போடுங்கள்.
பத்து அவனுக்கு.

உங்களுக்கு எத்தனை? என்று கேட்டார்.
கேட்பவனைக் கேட்கும் பக்கம் படிவத்தில் இல்லை.
என் பையின் அடியில்,
மழை படாத உறைக்குள்,
அடுத்த மாத ஆங்கிலத் தேர்வின் நுழைவுச் சீட்டு.
அதே பெர்த்துக்குத்தான்.
பென்சிலைச் சீவினேன், முனை உடையாமலே.

புறப்படும்போது பையில் ஒரு படி சோளம் கொட்டினார்.
தலைதட்டவில்லை.
படிவத்துக்கும் உறைக்கும் இடையே
மணிகள் சரிந்து இறங்கும் சத்தம்
முதுகோடு கொஞ்ச தூரம் வந்தது.

மூன்றாம் வளைவில், ஓடைச் சேற்றில்,
குளம்புத் தடங்கள்.
பெரியது இரண்டு, குட்டிகள் எண்ணமுடியவில்லை.
தண்ணீர் இன்னும் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.
எல்லாம் மேல்நோக்கி.

அடுத்த வீட்டுக்கு இருட்டுமுன் போயாகவேண்டும்.
நின்றேன்.
இரண்டு கையையும் வாயருகே குவித்து
நிடுப் பெல்மோ என்று கத்தினேன்.
பன்றி என்றும் கத்தினேன்.

மேலே, மரங்களுக்கு அப்பால்,
தகரம் ஒரு முறை அடித்தது.